அதிவேக ரயிலுக்குக் கான்கிரீட் வளைவுப் பாலம்: கணக்கிலிருந்து தண்டவாளம் வரை படிப்படியாக

வளைவுப் பாலம் வடிவமைக்க உட்காரும் புதியவர்கள் பெரும்பாலும் முதலில் வளைவைத்தான் வரைகிறார்கள். பள்ளத்தாக்கின் படத்தை விரித்து, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே அழகாக ஒரு கோடு போடுவார்கள். சாலைப் பாலத்துக்கு அது ஓரளவு ஒத்துவரும். மணிக்கு 300 கிமீ வேகத்தில் ரயில் ஓடும் பாலத்துக்கு ஒத்துவராது. பாலம் எடையைத் தாங்குமா என்ற கேள்விக்கு அங்கே சீக்கிரமே விடை கிடைத்துவிடும். தண்டவாளம் எத்தனை மில்லிமீட்டர் அசையும் என்பதுதான் மாதக்கணக்கில் வேலை வாங்கும்.

அதனால் நான் பின்பற்றும் வரிசை இது: வடிவமைக்கும்போது மேலிருந்து கீழே வர வேண்டும். முதலில் தண்டவாளம், பிறகு அதைச் சுமக்கும் தளம், தூண், வளைவு, கடைசியில் பாறை. கட்டும்போது கீழிருந்து மேலே. இங்கே சொல்லும் வரம்புகள் ஐரோப்பியக் கட்டுமான விதிநூலான யூரோகோடில் உள்ளவை. உங்கள் திட்டத்துக்கு வேறு விதிநூல் என்றால் எண்கள் மாறும், வரிசை மாறாது.

அடிக்கடி வரப்போகும் மூன்று சொற்கள்: வளைவு பாறையில் ஊன்றும் இடத்தை வளைவடி என்கிறேன். மேல் நடுப்புள்ளி உச்சி. வளைவடியிலிருந்து உச்சி வரையான செங்குத்து உயரம் எழுச்சி.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பாதையின் வடிவமைப்பு வேகம், ஓடப்போகும் ரயில்களின் அச்சு இடைவெளியும் பெட்டி நீளமும், ஜல்லிப் பாதையா ஸ்லாப் டிராக்கா (ஜல்லி இல்லாமல் கான்கிரீட் பலகையில் பதித்த பாதை) என்ற முடிவு, இரண்டு வளைவடிகளிலும் துளையிட்டு எடுத்த பாறை மாதிரிகள், அந்த இடத்தின் வெப்பநிலை, காற்றுப் பதிவுகள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் தொடங்காதீர்கள்.

அதிகம் தாமதமாக வருவது பாதை வகை பற்றிய முடிவு. "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவார்கள். ஜல்லிப் பாதையின் எடை வேறு, ஸ்லாப் டிராக்கின் எடை வேறு. அதிர்வு வரம்புகூட இரண்டுக்கும் ஒன்றல்ல. வளைவின் வடிவமே நிலையான எடையைப் பொறுத்தது என்பதால், இந்த முடிவு பின்னால் மாறினால் கணக்கு முழுவதும் முதலிலிருந்து வரும்.

2. இந்த இடத்துக்கு வளைவு பொருந்துமா என்று பாருங்கள்

நடுவே தூண் நிறுத்த முடியாத ஆழமான பள்ளத்தாக்கு அல்லது நீர்த்தேக்கம், இரு கரையிலும் நல்ல பாறை: வளைவுக்கு ஏற்ற இடம் இதுதான். ஜெர்மனியின் நியூரம்பெர்க்-எர்ஃபுர்ட் பாதையில் ஃப்ரோஷ்கிரண்ட்ஸே பாலம் 270 மீட்டர் ஸ்பானில் (இரு வளைவடிகளுக்கு இடையேயான தூரம்) நீர்த்தேக்கத்தைத் தாண்டுகிறது. ஸ்பெயினின் மாட்ரிட்-வலென்சியா பாதையில் கோன்ட்ரேராஸ் நீர்த்தேக்கத்தின் மேல் நிற்பது 261 மீட்டர் வளைவு.

பாறை தாங்குமா என்று பார்க்க ஒரு கைக்கணக்கு போதும். மீட்டருக்கான எடையை ஸ்பானின் வர்க்கத்தால் பெருக்கி, எட்டு மடங்கு எழுச்சியால் வகுங்கள். கிடைப்பது வளைவு பாறையைக் கிடைமட்டமாகத் தள்ளும் விசை. ஸ்பான் 250 மீட்டர், எழுச்சி 50 மீட்டர், வளைவு, தூண், தளம், பாதை எல்லாம் சேர்த்து மீட்டருக்கு 50 டன் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கரையிலும் சுமார் 7,800 டன் தள்ளுவிசை. ரயில் இன்னும் வரவே இல்லை.

இந்த விசையில் பாறை கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும்? இதே பாலத்தில் இரண்டு வளைவடிகளும் சேர்ந்து 10 மிமீ விலகினால், உச்சி ஏறக்குறைய 12 மிமீ இறங்கும். எழுச்சி குறைவான தட்டை வளைவில் இந்தப் பெருக்கம் இன்னும் அதிகம். பாறை சந்தேகமாக இருந்தால் வளைவை விட்டுவிட்டு வேறு வகைப் பாலம் பாருங்கள். நிலத்தோடு பிடிவாதம் பிடித்துப் பயனில்லை.

3. தண்டவாளத்தின் வரம்புகளை ஒரே தாளில் எழுதி வையுங்கள்

அந்தத் தாள் வேலை முடியும்வரை மேசையில் இருக்கட்டும். முக்கியமானவை இவை:

- ரயில் ஓடும்போது தளத்தின் செங்குத்து முடுக்கம்: ஜல்லிப் பாதையில் 3.5 மீ/வி², ஸ்லாப் டிராக்கில் 5 மீ/வி².
- 200 கிமீக்கு மேற்பட்ட வேகத்தில் பாதையின் முறுக்கம் (இரு தண்டவாளங்களின் உயர வித்தியாசம் மாறும் அளவு): 3 மீட்டர் நீளத்துக்கு 1.5 மிமீ.
- பயணிகள் வசதிக்கு, பெட்டிக்குள் செங்குத்து முடுக்கம்: 1 மீ/வி². மிக நல்ல பயணம் என்ற தரத்துக்கான எண் இது.
- தொடர் பற்றவைப்புத் தண்டவாளத்தில், விரிவு மூட்டு (தண்டவாளம் நீளவும் சுருங்கவும் இடம் தரும் இணைப்பு) இல்லாத இடத்தில், பிரேக் விசையால் தளம் நகர்வது: 5 மிமீ.

ஜல்லிக்கு ஏன் குறைந்த வரம்பு? முடுக்கம் புவியீர்ப்பை நெருங்க நெருங்க ஜல்லிக் கற்கள் ஒன்றோடொன்று பிடிப்பை இழந்து இளகுகின்றன. பாதை தன் இடத்தில் நிற்காது. இந்தக் காரணத்தைத் தெரிந்துகொண்டால், "3.6 தானே வருகிறது, விட்டுவிடலாமா" என்று கேட்கத் தோன்றாது.

4. தளத்தை எங்கே பிடித்து நிறுத்துவது என்று முடிவு செய்யுங்கள்

ரயில் பிரேக் போடும்போது மீட்டருக்கு 20 கிலோநியூட்டன், அதிகபட்சம் 6,000 கிலோநியூட்டன் விசை தளத்தின் வழியே போகும். இரட்டைப் பாதையில் பக்கத்துத் தடத்தில் ஒரு ரயில் புறப்படுவதையும் சேர்த்தால் 7,000. அதாவது சுமார் 700 டன். இதை எங்கே பாறைக்கு இறக்குவது என்பதுதான் கேள்வி.

வழி இரண்டு. தளத்தை ஒரு கரையின் முட்டுச்சுவரில் கட்டிப்போட்டால் விசை நேராக நிலத்துக்குப் போகும், ஆனால் வெப்ப விரிவு முழுவதும் மறுகரைக்குப் போய்ச் சேரும். 600 மீட்டர் தளம் 30 டிகிரி மாறினால் 180 மிமீ. கூடவே கான்கிரீட் சுருக்கமும் சேரும். அந்த முனையில் பெரிய விரிவு மூட்டு வேண்டும். தளத்தை வளைவின் உச்சியோடு இணைத்தால் இந்த நகர்வு இரு முனைக்கும் பாதி பாதியாகப் பிரியும். ஆனால் பிரேக் விசையை இப்போது வளைவு வாங்க வேண்டும்.

இரண்டாவது வழியில் புதியவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். உச்சியைப் பாதையின் நீளவாட்டில் தள்ளினால் வளைவு நகர்வதோடு நிற்பதில்லை; இரு வளைவடிகளிலிருந்தும் ஸ்பானின் கால்பங்குத் தூரத்தில் உள்ள கால்பங்குப் புள்ளிகளில் ஒன்று மேலே எழும், மற்றது கீழே இறங்கும். வளைவுக்கு இயல்பிலேயே மிகவும் தளர்வான அசைவு இதுதான். ஆகவே நீளவாட்டு விசைக்குத் தனிக் கணக்கு, செங்குத்து எடைக்குத் தனிக் கணக்கு என்று பிரிக்காதீர்கள். ஒரே மாதிரியில் சேர்த்துப் போடுங்கள்.

தண்டவாளத்தையும் அந்த மாதிரியில் சேர்க்க வேண்டும். தளம் நகரும்போது தண்டவாளத்தில் கூடுதல் தகைவு (ஓரலகு பரப்பில் உள்ள விசை) ஏறும். வழக்கமான ஜல்லிப் பாதையில் அழுத்தத்துக்கு 72, இழுவைக்கு 92 நியூட்டன்/மிமீ² என்பது வரம்பு. விரிவு மூட்டு தேவையா, எத்தனை தேவை என்பதை இந்தக் கணக்குதான் சொல்லும்.

5. தளத்தின் ஸ்பானைத் தேர்ந்தெடுத்து ஒத்திசைவைப் பாருங்கள்

வளைவின் மேல் நிற்கும் தூண்களுக்கு இடையேயான தள ஸ்பானைத்தான் சொல்கிறேன். சரியான இடைவெளியில் ஊஞ்சலைத் தள்ளினால் ஆட்டம் கூடுவது போல, ரயில் பெட்டிகளின் சக்கரத் தொகுதிகள் ஒரே இடைவெளியில் வந்து தட்டும்போது தளம் ஒத்திசையும். ஆபத்தான வேகத்தைக் கண்டுபிடிப்பது எளிது: தளத்தின் அதிர்வெண்ணை (அது இயல்பாக வினாடிக்கு எத்தனை முறை அதிரும் என்பதை) பெட்டி நீளத்தால் பெருக்குங்கள்.

ஷிங்கான்சென் போல 25 மீட்டர் பெட்டி, தளத்தின் அதிர்வெண் 4 ஹெர்ட்ஸ் என்றால், 4 × 25 = வினாடிக்கு 100 மீட்டர், மணிக்கு 360 கிமீ. "நம் பாதையில் 300 தானே" என்று நிம்மதி அடைய முடியாது. வடிவமைப்பு வேகத்தின் 1.2 மடங்கு வரை பார்க்க வேண்டும் என்பது விதி. 300க்கு அது சரியாக 360.

இந்தக் கைக்கணக்கு எச்சரிக்கைக்கு மட்டும்தான். பிறகு பெட்டி நீளம் 18 முதல் 27 மீட்டர் வரை உள்ள பத்து எச்எஸ்எல்எம்-ஏ ரயில்களையும் (யூரோகோடில் உள்ள கணக்கு ரயில்கள்) வேகத்தைப் படிப்படியாக ஏற்றிக் கணக்கில் ஓட்டிப் பாருங்கள். முன்தகைவுக் கான்கிரீட்டுக்கு (இழுத்த கம்பிகளால் முன்பே அழுத்தியது), 20 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள ஸ்பானில், தணிப்பு, அதாவது அதிர்வு தானாக அடங்கும் அளவு, 1 சதவீதம்தான். அதிகம் போட்டுக்கொண்டு முடிவை அழகாக்க வேண்டாம். தளம் விரிசல் விட்டதாகவும் விடாததாகவும் இரண்டு விறைப்பில் ஓட்டுங்கள், ஏனென்றால் அதிர்வெண் கொஞ்சம் நகர்ந்தாலும் உச்ச வேகம் வேறு இடத்துக்குப் போய்விடும்.

6. இப்போது வளைவை வரையுங்கள்

நிலையான எடைக்கு வளைவு முழுவதும் அழுத்தத்திலேயே இருக்க வேண்டும். எடை தூண்கள் வழியாகப் புள்ளிகளில் இறங்குவதால், சரியான வடிவம் வழுவழுப்பான பரவளையம் அல்ல. ஒவ்வொரு தூணடியிலும் மெல்ல மடங்கும் கோடு. முதல் கணக்கில் கிடைக்கும் எடைகளை வைத்து வடிவத்தைத் திருத்தி, மறுபடி எடை கணக்கிட்டு, மறுபடி திருத்துங்கள். மூன்று நான்கு சுற்றில் நிலைபெறும்.

எழுச்சியைப் பொதுவாக ஸ்பானில் நான்கில் ஒரு பங்குக்கும் ஏழில் ஒரு பங்குக்கும் நடுவே வைப்பார்கள். வளைவு உயர உயரத் தள்ளுவிசை குறையும், நீளமும் காற்று வாங்கும் பரப்பும் கூடும்.

அடுத்து ரயில் எடை. ஸ்பான் முழுவதும் ரயிலை நிறுத்திப் பார்த்துவிட்டுப் பலர் நிம்மதி அடைகிறார்கள். வளைவுக்கு அது சுலபமான நிலை. ரயில் பாதி வளைவில் மட்டும் நிற்கும்போதுதான் வளைவு ஒரு பக்கம் அமிழ்ந்து மறுபக்கம் எழும். வளையும் தகைவும் தளத்தின் சாய்வு மாற்றமும் அங்கேதான் அதிகம்.

பக்கவாட்டு நிலைத்தன்மையை மறக்க வேண்டாம். இரட்டைப் பாதைத் தளம் பதினான்கு மீட்டர் அளவுதான் அகலம். ஸ்பான் அதைப் போலப் பதினெட்டு, இருபது மடங்கு. ஸ்பெயினில் அல்மோன்தே ஆற்றின் மேல் 384 மீட்டர் வளைவை, உச்சிப் பகுதியில் ஒற்றைப் பெட்டியாகவும் வளைவடியை நோக்கி இரண்டு கால்களாகப் பிரித்தும் அமைத்தார்கள். காலை அகட்டி நிற்பவரைத் தள்ளுவது கடினம் என்பதுதான் அதன் தத்துவம்.

7. வெப்பத்தையும் கிரீப்பையும் தனித்தனியாக எழுதுங்கள்

நம் 250 மீட்டர் உதாரணத்தில் கான்கிரீட் 20 டிகிரி சூடானால் உச்சி ஏறக்குறைய 7 செமீ எழும். கேட்கும்போது பயமாக இருக்கும். ஆனால் அது நூற்றுக்கும் மேற்பட்ட மீட்டரில் பரவும் மென்மையான மேடு. பயணிக்கு அதுவாகத் தொந்தரவு தராது. வளைவடியிலும் குட்டைத் தூண்களிலும் அது ஏற்றும் தகைவைத்தான் கவனிக்க வேண்டும். வெயில் ஒரு பக்கம் மட்டும் அடித்தால் வளைவு பக்கவாட்டிலும் வளையும், அதையும் சேருங்கள்.

கிரீப் வேறு மாதிரி. எடை மாறாமலேயே கான்கிரீட் ஆண்டுக்கணக்கில் மெல்ல அமுங்கும். வெப்பம் போனதும் உச்சி திரும்பி வரும். கிரீப்பில் இறங்கிய உச்சி திரும்பாது. எனவே பாலத்தின் கேம்பர் (பின்னால் இறங்கப்போவதை எண்ணி முன்பே உயர்த்திக் கட்டும் அளவு) கணக்கில் கிரீப்பை முழுதாகச் சேருங்கள். தண்டவாளம் போட்ட பிறகு மிச்சம் எவ்வளவு வரும் என்பதையும் பிரித்து எழுதுங்கள். ஜல்லிப் பாதையில் மட்டத்தை மறுபடி சரிசெய்ய முடியும். ஸ்லாப் டிராக்கில் தண்டவாளப் பிடிப்புகளின் சரிசெய்யும் அளவு சிறியது, அதற்குள் அடங்க வேண்டும்.

8. கட்டும் முறையை வடிவமைப்போடு சேர்த்தே முடிவு செய்யுங்கள்

இரண்டு முறைகள் பெரிய ஸ்பானுக்கு நடைமுறையில் உள்ளன. முதலாவது, இரு கரையிலிருந்தும் வளைவைத் துண்டு துண்டாக வார்த்து, தற்காலிகக் கோபுரத்திலிருந்து கேபிளால் இழுத்துப் பிடித்துக்கொண்டே நடுவை நோக்கிப் போவது. கோன்ட்ரேராஸ், அல்மோன்தே இரண்டும் இப்படி எழுந்தவை.

இரண்டாவது, முதலில் எஃகுக் குழாய்ச் சட்டக வளைவை நிறுத்தி, குழாய்களுக்குள் கான்கிரீட் நிரப்பி, அதன்மேல் கான்கிரீட் போர்த்துவது. சீனாவின் ஷாங்காய்-குன்மிங் அதிவேகப் பாதையில் பெய்பான் ஆற்றின் மேலுள்ள 445 மீட்டர் வளைவு இந்த முறை. இதில் குழாய்களை இரு கரையிலிருந்தும் ஒரே வேகத்தில் கீழிருந்து மேலாக நிரப்ப வேண்டும். உச்சியில் காற்று தங்கிக் குழி விழுந்திருக்கிறதா என்று தட்டியும் மீயொலியாலும் பார்க்க வேண்டும். போர்த்தும் கான்கிரீட் அடித்தட்டு, பக்கச்சுவர், மேல்தட்டு என்று பிரிந்து, பல இடங்களில் ஒரே நேரத்தில் ஏற வேண்டும். ஒரே இடத்தில் எடை ஏற்றினால் மெல்லிய சட்டகம் அங்கே அமிழ்ந்து வேறிடத்தில் எழும்.

எந்த முறையானாலும், ஒவ்வொரு கட்டத்திலும் நிற்பது வேறொரு கட்டமைப்பு என்று நினைத்துக் கணக்குப் போடுங்கள். முடிந்த பாலத்துக்கு மட்டும் கம்பி கணக்கிட்டால், கட்டும் நடுவில் விரிசல் வரும்.

9. அஸ்திவாரமும் ஆங்கரும்

வளைவடிக் குழியைத் தோண்டி முடித்ததும் புவியியலாளர் நேரில் இறங்கிப் பாறை முகத்தைப் பார்த்த பிறகே கான்கிரீட். துளை மாதிரியில் தெரியாத பிளவு குழியில்தான் தெரியும். பிளவின் சாய்வு தள்ளுவிசையின் திசையோடு ஒத்துப்போனால் வேலையை நிறுத்துங்கள்.

வளைவடிக் கட்டை பெரிய பருமன். உள்ளே சூடேறி வெளியே குளிர்ந்தால் விரிசல் விடும். அடுக்கடுக்காக வார்த்து, உள்வெப்பத்தை அளந்துகொண்டே இருங்கள். தற்காலிகக் கோபுரத்தைப் பின்னாலிருந்து இழுக்கும் பின்கேபிளைப் பாறையோடு பிடிக்கும் ஆங்கர்கள் ஒவ்வொன்றையும் இழுத்துச் சோதித்த பிறகே முதல் துண்டு வார்க்கலாம். அரை வளைவு முழுவதும் அவற்றில்தான் தொங்கப்போகிறது.

10. துண்டு துண்டாக வளைவை நீட்டுங்கள்

ஒரு சுற்று இப்படிப் போகும்: டிராவலரை (ஷட்டரிங்கைச் சுமந்து நகரும் சட்டகம்) முன்னே நகர்த்து, ஷட்டரிங் மட்டத்தை வை, கம்பி கட்டு, கான்கிரீட் வார், வலுவேறட்டும், கேபிளை இழு, அள.

அளவுதான் இதில் உயிர். விடியும் முன் அளக்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் ஒருவர் மதியம் அளந்துவிடுவார். ஒரு வேலையில் இளம் பொறியாளர் ஒருவர் பிற்பகல் மூன்று மணிக்கு முனையின் மட்டத்தைப் பார்த்தார். கணக்கை விட 18 மிமீ கீழே இருந்தது. உடனே ஷட்டரிங்கை 18 மிமீ உயர்த்திவிட்டார். கேபிள்கள் வெயிலில் நீண்டு முனையை இறக்கியிருந்தன, அவ்வளவுதான். மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு டோட்டல் ஸ்டேஷனில் பார்த்தபோது பழைய முனை கணக்குப்படியே இருந்தது, ஷட்டரிங்தான் 18 மிமீ தூக்கலாக நின்றது. வார்ப்பதற்கு முன் பிடித்துவிட்டோம். வார்த்திருந்தால் அந்த மடிப்பு கடைசிவரை வளைவிலேயே இருந்திருக்கும்.

மட்டம் தவறினால் கேபிளைக் கூடுதலாக இழுத்துச் சரிசெய்யும் ஆசை வரும். கொஞ்சம் இழுக்கலாம்; அதிகம் இழுத்தால் வளைவின் கீழ்முகம் இழுவைக்கு வந்து விரிசல் விடும். அடுத்த துண்டின் கோணத்தை மாற்றித் திருத்துவதே நல்லது. ஒவ்வொரு துண்டுக்கும் உண்மையில் எவ்வளவு கான்கிரீட் போனது என்று எழுதி வையுங்கள். ஷட்டரிங் கொஞ்சம் வீங்கினாலும் எடை கூடும், அது முனையின் மட்டத்தில் தெரியும்.

11. உச்சியில் மூடுங்கள்

இரு அரை வளைவுகளுக்கும் நடுவே மிஞ்சும் இடைவெளியை மூடுவதற்கு முந்தைய சில நாட்கள் இரு முனைகளையும் மணிக்கு ஒரு முறை அளந்து, வெப்பநிலையோடு வரைபடம் போடுங்கள். முனைகள் அசையாமல் இருக்கும் நேரம் அதில் தெரியும், பெரும்பாலும் பின்னிரவு. அந்த நேரத்தில் இரு முனைகளையும் எஃகுத் தண்டுகளால் பூட்டி, பிறகு இடைவெளியில் கான்கிரீட் வார்க்க வேண்டும். பூட்டாமல் வார்த்தால் காலை வெயிலில் முனைகள் நகர்ந்து பச்சைக் கான்கிரீட்டைப் பிளந்துவிடும்.

சில வடிவமைப்புகளில் மூடும் முன் உச்சியில் ஜாக்கி வைத்து இரு பாதிகளையும் எதிரெதிராகத் தள்ளுவார்கள். பின்னால் வரப்போகும் அமுங்கலையும் கிரீப்பையும் முன்கூட்டியே ஈடுகட்ட அது. அப்படியானால் ஜாக்கி விசை, இடைவெளி இரண்டையும் பாருங்கள். ஒன்று கணக்கோடு ஒத்து மற்றது ஒத்துவராவிட்டால் நிறுத்திக் காரணம் தேடுங்கள்.

12. கேபிளைத் தளர்த்தி, தூணும் தளமும் ஏற்றுங்கள்

மூடிய கான்கிரீட் வலுவேறியதும் கேபிள்களை இரு கரையிலும் ஒரே நேரத்தில், கணக்கில் உள்ள வரிசையில், பல கட்டமாகத் தளர்த்துங்கள். இவ்வளவு நாள் தொங்கிக்கொண்டிருந்தது இப்போதுதான் வளைவாக மாறுகிறது.

தூண்களில் வளைவடிக்கு அருகே உள்ளவை உயரம், உச்சிக்கு அருகே குட்டை. குட்டைத் தூண் விறைப்பானது. தளம் விரியும்போது முழு இழுப்பையும் அதுவே வாங்கும். அங்கே நகரும் பேரிங் (தளம் நகர இடம் தரும் தாங்கி) வைப்பதா, தளத்தோடு இறுக்கிவிடுவதா என்பது நான்காம் படியின் முடிவைப் பொறுத்தது.

தளத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. வளைவுக்கு வெளியே உள்ள அணுகு பாலத்தில் ஒரு கரையிலிருந்து ஸ்பான் ஸ்பானாக வார்த்துக்கொண்டு வரும் குழு, அதே ஓட்டத்தில் வளைவின் மேலும் போய்விடப் பார்க்கும். அப்போது எடை பாதி வளைவில் மட்டும் ஏறும். பாதி எடை என்பது வளைவுக்கு மோசமான நிலை. ரயிலை விடத் தளத்தின் எடை பல மடங்கு. இரு கரையிலிருந்தும் சமமாக வார்த்துக்கொண்டு வாருங்கள். முடியாதென்றால், ஒரு பக்க எடையைக் கட்டக் கணக்கில் போட்டு, தேவையான கேபிள்களைத் தளம் முடியும்வரை விட்டு வையுங்கள். ஜல்லி கொட்டும்போதும் இதே விதிதான்.

13. காத்திருந்து தண்டவாளம் போடுங்கள், பிறகு சோதியுங்கள்

தளம் முடிந்ததும் கால அட்டவணை நெருக்கும். ஆனாலும் உச்சியின் மட்டத்தை வாரம் ஒரு முறை, விடிகாலையில் அளந்து, இறக்கம் கணக்கிட்ட கிரீப் கோட்டோடு போகிறதா என்று பாருங்கள். கோடு தட்டையாகத் தொடங்கிய பிறகுதான் ஸ்லாப் டிராக்.

சோதனையில் முதலில் கனமான எஞ்சின்களைக் கால்பங்குப் புள்ளியிலும் உச்சியிலும் நிறுத்தி இறக்கத்தை அளக்க வேண்டும். பிறகு குறைந்த வேகத்தில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு வேகத்திலும் தளத்தின் முடுக்கத்தைப் பதிவு செய்யுங்கள். அளந்த அதிர்வெண் கணக்கோடு ஒத்துவரவில்லை என்றால், அளந்ததை வைத்து ஒத்திசைவு வேகங்களை மறுபடி கணக்கிட்ட பிறகே அடுத்த வேகத்துக்குப் போங்கள்.

வளைவடி, கால்பங்குப் புள்ளி, உச்சி ஆகிய இடங்களில் புதைத்த வெப்பமானிகளையும் தகைவுமானிகளையும் வேலை முடிந்ததும் வெட்டிவிடாதீர்கள். வயர்களுக்குப் பெயர்ச்சீட்டு கட்டி, பூட்டிய பெட்டிக்குள் கொண்டுவந்து, முதல் அளவுகளை நாள், நேரம், வெப்பநிலையோடு எழுதிப் பராமரிப்புக் குழுவிடம் ஒப்படையுங்கள். அடுத்த கோடையில் அவர்கள் எடுக்கும் அளவை ஒப்பிட அதுதான் அடிப்படை.